மலாய் வீட்டு முற்றம்: இன்று வீடு கட்டுவோருக்கு எந்த வடிவம் பொருந்தும்?

மலேசியாவில் சொந்த நிலத்தில் தனி வீடு கட்டத் திட்டமிடுவோரும், பழைய வரிசை வீட்டை உள்ளே இடித்துப் புதுப்பிக்க நினைப்போரும் முடிவு செய்ய வேண்டியவற்றுள் ஒன்று, வீட்டுக்குள் வானம் பார்த்த ஓர் இடத்தை விடுவதா வேண்டாமா என்பது. சதுர அடிக் கணக்குப் பார்த்துக் கட்டும் காலத்தில் கூரை போடாமல் இடம் விடுவது வீண் என்பார் சிலர். அந்த இடம்தான் வீட்டைக் குளிர்விக்கும், ஏர்கோன் எனப்படும் குளிர்சாதனம் தேவைப்படாது என்பார் வேறு சிலர். இரு சாராரும் முற்றத்தைப் பொதுவாகவே பேசுகிறார்கள். எந்த முற்றம், எங்கே, எதற்கும் எதற்கும் இடையில் என்று கேட்டால்தான் பயனுள்ள விடை கிடைக்கும். இந்த நாட்டிலேயே தெரிவுகள் நான்கு இருக்கின்றன: மலாக்கா மலாய் வீடுகளில் முதன்மை வீட்டுக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவே அமைந்த முற்றம், கிழக்குக் கரை வீடுகளில் அதே இடத்தில் விடப்படும் திறந்த இணைப்புவெளி, கீழே கடையும் மேலே குடியிருப்புமாக உள்ள பழைய நகரக் கடைவீடுகளின் நடுவே கூரையின்றி விடப்படும் வானவெளி, இவை எதுவும் இல்லாமல் முழுவதும் மூடி ஏர்கோனை நம்பிக் கட்டும் வீடு. இவற்றைச் சுற்றுச்சூழல் நோக்கில் ஒப்பிட்டு, எந்த நிலத்துக்கு எது பொருந்தும் என்று சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான்கு பக்கமும் கட்டடம் சூழ்ந்த முற்றம் மலாய் வீட்டின் பொது இலக்கணம் அன்று. கெடாவிலும் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் காணப்படும் பெரும்பாலான கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடுகள் தூண்கள்மேல் உயர்த்திக் கட்டப்பட்ட மரவீடுகள். முன்னே செரம்பி எனப்படும் தாழ்வாரம், நடுவே ரூமா இபு எனப்படும் முதன்மை வீடு, பின்னே டாப்பூர் எனப்படும் அடுப்பங்கரை என்று அவை அமைந்திருக்கும். வீட்டைச் சுற்றிலும் வேலியில்லாத மணல்முற்றம், உயரே மட்டும் தழைத்து ஆள்மட்டத்தில் காற்றை மறைக்காத தென்னைகள், தரைப்பலகைக்குக் கீழே கோலோங் எனப்படும் நிழலான வெளி, கூரையின் முக்கோண முகப்பில் காற்றுப் போகும் துளைகள் கொண்ட மரவேலைப்பாடு. சுற்றிலும் இவ்வளவு திறப்பு உள்ள வீட்டுக்கு நடுவே இன்னொரு திறப்பு தேவைப்படவில்லை. ஆகவே பழைய மலாய் வீட்டைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லி, சுற்றுச்சுவரை ஒட்டிக் கட்டிய செங்கல் வீட்டின் நடுவில் ஒரு சதுரக் குழியை விடுவோர், அந்த வீட்டின் பாடத்தில் கால்வாசியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

மலாக்கா வீடு இதற்கு விதிவிலக்கு. துறைமுக நகரில் சீனர், பெரானக்கான் எனப்படும் உள்ளூர்க் கலப்புப் பண்பாட்டுச் சீன வழியினர், ஐரோப்பியர் ஆகியோரின் கட்டடமுறைகளோடு நெருங்கிப் பழகியதன் தடயம் அதில் நன்றாகவே தெரியும். மலாக்கா மாநிலத்தின் மெர்லிமாவில் 1894-இல் கட்டப்பட்ட ஊர்த்தலைவர் அப்துல் கனியின் வீட்டிலும், மலாக்கா நகருக்குள்ளேயே ஆற்றோரம் உள்ள கம்போங் மோர்த்தன் வீடுகளிலும் முன்படிக்கட்டு சிமெண்டால் கட்டப்பட்டு வண்ணப் பூவோடுகள் பதிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். பயணிகள் அந்தப் படிக்கட்டைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் வெப்பத்தைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு மலாக்கா வீட்டில் பாடம் இருப்பது பின்னால்தான். முதன்மை வீட்டின் பலகைத் தரையிலிருந்து சில படிகள் இறங்கினால் தரைமட்டத்தில் ஒரு முற்றம், அதன் பக்கங்களில் சுவர், அப்பால் தனிக்கூரையின் கீழ் அடுப்பங்கரை. மீன் கழுவுவது, துணி அலசுவது, மசாலை அரைப்பது, காய்ந்த துணியை மடிப்பது எல்லாம் அங்கேதான். முற்றத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் முதன்மை வீட்டின் கீழே உள்ள நிழல்வெளி கண்ணுக்குத் தெரியும். பகல் முழுதும் வெயில் படாத அந்தக் காற்று முற்றத்தின் வழியாக எழும் காற்றுக்குப் பின்னிருந்து ஈடுகொடுக்கிறது.

இந்த முற்றத்தின் வேலையைப் புரிந்துகொள்ள நாட்டின் வானிலையை நினைவில் கொள்ள வேண்டும். தமிழ் வாசகர்களுக்கு முற்றம் என்றவுடன் செட்டிநாட்டு வளவு நினைவுக்கு வரும். மலேசியாவில் வீடு கட்டும் தமிழ்க் குடும்பங்களில் சிலர் அதையே வரைபடக்காரரிடம் கேட்கிறார்கள். அது அழகானது; பிறந்த மண்ணுக்குப் பொருத்தமானது. ஆனால் காரைக்குடியின் கோடைக்காற்று வறண்டது; தடித்த சுண்ணாம்புச் சுவர்கள் பகல்வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ள, இரவில் தெளிந்த வானத்தை நோக்கி முற்றத்தின் தரை தன் வெப்பத்தை விட்டுவிடும், மறுநாள் முற்பகல்வரை அந்தக் குளிர்ச்சி கைகொடுக்கும். மலாக்காவில் பகல் 32 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் விடியற்காலையிலும் 24 டிகிரிக்குக் கீழே போவது அரிது. விடியலில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். ஈரம் நிறைந்த காற்றும் மேகமும் தரையிலிருந்து எழும் வெப்பத்தை வானுக்குப் போகவிடாமல் மடக்கிவிடுகின்றன. இரவுக்குளிர்ச்சியைச் சேமித்து வைக்கும் முற்றம் என்ற கணக்கு அங்கே செல்லுபடியாகாது. முற்றத்தின் நடுவில் நீர்த்தொட்டி வைத்தால் குளிரும் என்பதும் அப்படித்தான். ஏற்கெனவே ஈரமாக இருக்கும் காற்றில் மேலும் ஈரம் சேர்ந்தால் உடலின் வியர்வை உலராது, புழுக்கம் கூடும்.

இங்கே உடலுக்கு ஆறுதல் தருவது நகரும் காற்று. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகக் காற்று உடலில் பட்டாலே வெப்பம் சுமார் 2 முதல் 3 டிகிரி குறைந்ததுபோல் உணர்கிறோம். ஆகவே முற்றத்தை அளக்க வேண்டிய முதல் அளவுகோல், அது வீட்டுக்குள் காற்றை நகர்த்துகிறதா என்பது. அடுத்தது, அடுப்பங்கரையில் உண்டாகும் வெப்பத்தை வாழும் அறைகளுக்குள் வரவிடாமல் தடுக்கிறதா என்பது. வெளிச்சமும் மழைநீரும் அதற்குப் பிறகுதான் வரும்.

இந்த இரண்டாவது அளவுகோலில்தான் மலாக்கா முற்றம் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சுகிறது என்பது என் கருத்து. ஒரு சிறு கணக்கு இதைக் காட்டும். வீடுகளில் புழங்கும் 1 குதிரைத்திறன் ஏர்கோன் ஓர் அறையிலிருந்து வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 2.6 கிலோவாட். முழு வேகத்தில் எரியும் ஒரு பெரிய எரிவாயு அடுப்பு 3 கிலோவாட்டுக்குக் குறையாத வெப்பத்தை விடுகிறது. இரண்டு அடுப்பும் சேர்ந்து எரிய, ஒன்றில் சோறு வேக, மற்றொன்றில் சம்பல் வதங்கும் வேளையில், ஒரு படுக்கையறை ஏர்கோன் மாய்ந்து மாய்ந்து இயங்கினாலும் ஈடுகட்ட முடியாத வெப்பமும் அதோடு நீராவியும் எண்ணெய்ப் புகையும் வீட்டுக்குள் பரவுகின்றன. மலாக்கா வீட்டில் இவ்வளவும் முற்றத்தில் மேலே எழுந்து போய்விடுகிறது. முதன்மை வீட்டின் பலகைச் சுவரை எட்டுவதில்லை. விறகடுப்புக் காலத்தில் தீ பரவாமல் இருக்கவும் இந்த இடைவெளி உதவியது. இன்றைய மலேசிய வீடுகளில் உலர் சமையலறை ஒன்று, பின்னால் ஈரச் சமையலறை ஒன்று என்று இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. பழைய அடுப்பங்கரை வேறொரு வடிவில் தொடர்கிறது என்றே அதைக் கொள்ளலாம். அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு கதவை எடுத்துவிட்டு, அங்கே மூன்று மீட்டர் அகலத்தில் வானம் பார்த்த இடம் விட்டால், மலாக்கா முற்றத்தின் பயனில் பெரும்பகுதி நம் வீட்டுக்கு வந்துவிடும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை அதன் நன்மை வெளிப்படையானது. முற்றத்தை ஒட்டிய அறைகளுக்கு இரு பக்கமும் சன்னல் கிடைப்பதால் பகலில் விளக்கு தேவையில்லை. எதிரெதிர்த் திறப்புகள் இருப்பதால் காற்றும் குறுக்கே ஓடும். துணி காயவைக்கத் தனி இடமும், மின்சார உலர்த்தி வாங்க வேண்டாம் என்ற வசதியும் கூடுதல் ஆதாயம்.

ஆனால் வெயில் என்ற குறையைச் சொல்லாமல் விட முடியாது. மலாக்கா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 2 பாகையில் உள்ளது. ஆண்டின் எந்த நாளை எடுத்தாலும் உச்சிவேளையில் சூரியன் 64 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களில் நேர் தலைக்குமேல் நிற்கும். மூன்று மீட்டர் உயரச் சுவரும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட முற்றத்தில், சூரியன் 45 பாகைக்கு மேல் ஏறியதும் தரையில் வெயில் விழத் தொடங்கும். அந்த மாதங்களில் கடிகாரக் கணக்கில் காலை சுமார் 10.15 முதல் மாலை 4.15 வரை, அதாவது ஆறு மணி நேரம். இவ்வளவு நேரம் வெயில் வாங்கும் சிமெண்டுத் தரை, மாலையில் பக்கத்து அறைகளுக்குச் சூட்டைத் திருப்பித் தரும். ஒற்றைமாடி வீட்டு முற்றத்தை முழுதும் கான்கிரீட் போட்டு மூடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். ஒரு மீட்டர் அளவுக்கு நீண்ட கூரைவிளிம்பு, நடைபாதைக்கு மட்டும் கல், மீதியில் மண், அந்த மண்ணில் மேலே பரந்து கீழே மெலிந்த ஒரு சிறுமரம்: இவை இருந்தால் வெயில் இலையில் நின்றுவிடும். மலாய்க் குடும்பங்கள் அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் வளர்க்கும் புளிச்சக்காய் மரமும் எலுமிச்சை வகைகளும் ரம்பை இலையும் இந்த இடத்துக்கு மிகவும் தோதானவை. மாமரமோ பலாவோ வைத்தால் வேர் அடித்தளத்தைத் தேடிப்போகும்.

கிழக்குக் கரையின் தீர்வு வேறு விதமானது. கிளந்தான், திரங்கானு வீடுகளில் முதன்மை வீட்டையும் அடுப்பங்கரையையும் செலாங் எனப்படும் ஒடுங்கிய இணைப்புப் பகுதி சேர்க்கிறது. அதன் இருபுறமும் வெளி திறந்தே கிடக்கும். சில வீடுகளில் அதை ஒட்டிக் கூரையில்லாத மரமேடை ஒன்றும் உண்டு; மீனும் அப்பளமும் காய்வது அங்கே. நான்கு பக்கச் சுவர் என்ற ஒன்று இதில் இல்லை. ஆகவே கடற்காற்று எந்தத் தடையும் இன்றி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. காற்றோட்டத்தில் இது மலாக்கா முற்றத்தைவிடச் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. மூடிய முற்றத்தில் மேலே போகும் காற்று பெரும்பாலும் முற்றத்தின் தலைக்குமேலேயே கடந்துவிடும். சுவர் உயர உயர அடியில் காற்று தேங்கும். பக்கம் திறந்த இடைவெளியில் அந்தத் தேக்கம் இல்லை. கட்டுமானத்திலும் இது எளிது: இரண்டு சிறிய கூரைகள், நடுவில் ஒரு நடை, அவ்வளவே.

இதன் குறை இரண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுடன் வரும் மழை குறுக்கே வீசும்போது, அந்த நடையில் நனையாமல் போக முடியாது. சமைத்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வேளையும் அதைக் கடக்க வேண்டிய வீட்டாருக்கு இது சிறு துன்பமன்று. இரண்டாவது, இரு பக்கமும் திறந்த இடம் அண்டை வீட்டாரின் பார்வைக்கும் திருடருக்கும் திறந்த இடமே. விசாலமான நிலத்தில், உறவினர் வீடுகள் சூழ்ந்த கம்பத்தில் இது பொருட்டில்லை. பத்தடி இடைவெளியில் பக்கத்துச் சன்னல் இருக்கும் தாமானில், அதாவது நகரக் குடியிருப்புப் பகுதியில், பொருட்டுதான். கிடைக்கம்பிகளோ துளைச் செங்கல்லோ கொண்டு ஒரு பக்கத்தை மறைத்தால் காற்றில் ஒரு பகுதியை இழந்து மறைவைப் பெறலாம். மலாக்கா முற்றத்துக்கும் செலாங்குக்கும் நடுவே ஒரு வடிவமாக அது ஆகிவிடும். அந்த நடுவடிவம்தான் இன்றைய நிலங்களுக்கு மிகவும் பொருந்துவது என்று பின்னால் சொல்லப்போகிறேன்.

கடைவீட்டு வானவெளி மலாய் வீட்டு மரபைச் சேர்ந்தது அன்று; ஆனால் இன்றைய வரிசை வீட்டுக்காரர் ஒப்பிட வேண்டிய நெருங்கிய உறவு அதுவே. 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மலாக்காவிலும் ஜார்ஜ் டவுனிலும் ஐந்தடிப் பாதை எனப்படும் கூரையிட்ட முன்நடையை ஒட்டி நிற்கும் கடைவீடுகள் அகலம் குறைந்து, ஆழம் மிகுந்தவை. இருபக்கச் சுவரும் அண்டை வீட்டோடு பொதுவானவை என்பதால் சன்னல் வைக்க வழியில்லை. வீட்டின் நடுவில் கூரையைத் திறந்துவிட்டால்தான் உள்ளறைகளுக்கு மூச்சே கிடைக்கும். இன்றைய வரிசை வீட்டின் நிலையும் அதுவே. 20 அடி அகலம், 70 அடி ஆழம் உள்ள வீட்டில் முன்னறையும் பின்சமையலறையும் வெளிச்சமாக இருக்க, நடுவில் உள்ள அறை நண்பகலிலும் விளக்கைத் தேடும்.

இந்த ஆழமான வானவெளி ஒருவகையில் மலாக்கா முற்றத்தைவிடக் குளிர்ச்சியானது. இரண்டு மாடி உயரமும் கிழமேலாக இரண்டரை மீட்டர் அகலமும் இருந்தால், வானவெளியின் தரையில் வெயில் விழுவது நண்பகலை ஒட்டிய மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகவே இருக்கும். சுவர்கள் ஒன்றுக்கொன்று நிழல் தருகின்றன. ஆனால் அதே உயரம் காற்றைத் தேக்கவும் செய்கிறது. முன்வாசலும் பின்வாசலும் திறந்திருந்து, இடையில் உள்ள தடுப்புகளின் மேற்பகுதி துளையோடு இருந்தால்தான், வெம்மையான காற்று வானவெளி வழியே மேலே போக, குளிர்ந்த காற்று கீழே நுழையும். பழைய கடைவீடுகளின் உள்தடுப்புகளில் மேலே மரச்சட்டங்களும் துளை ஓடுகளும் வைக்கப்பட்டதற்குக் காரணம் இதுதான். அவற்றைச் சுவரால் அடைத்து, முன்பக்கத்தைக் கண்ணாடியால் மூடிவிட்டு, நடுவில் மட்டும் திறப்பை விட்டால், அது வெளிச்சத்தைத் தரும், காற்றைத் தராது.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 1984-ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டடத் துணைச்சட்டங்களின்படி, இரண்டு மாடி வரையுள்ள கட்டடத்தில் வானவெளி வைத்தால் அதன் பரப்பு குறைந்தது 7 சதுர மீட்டரும், எந்தப் பக்கமாக அளந்தாலும் அகலம் 2.5 மீட்டரும் இருக்க வேண்டும். 6 மீட்டர் அகல வீட்டில் 2.5 மீட்டரை விட்டால் பக்கத்தில் மிஞ்சுவது ஒரு நடையும் சிறிய அறையும்தான். சிலர் இந்த அளவைக் கண்டு அஞ்சி, ஒரு மீட்டர்ச் சதுரத்தில் ஒரு துளையைப் போட்டு அதற்கு முற்றம் என்று பெயர் வைக்கிறார்கள். அதில் மழைச்சாரலும் கொசுவும் வரும். வேறு பயன் இருக்காது. 7 சதுர மீட்டரை விட மனமில்லையென்றால் முற்றம் வைக்காமல் இருப்பதே நேர்மையான முடிவு. அதற்குப் பதிலாகப் பின்புறத் திறந்தவெளியைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

முழுவதும் மூடிய வீட்டைப் பற்றிக் குறைவாகச் சொன்னால் போதும். நம்மில் பலர் அதில்தான் வாழ்கிறோம். அதற்கும் நியாயங்கள் உண்டு. அண்டை நாட்டுக் காட்டுத்தீயின் புகைமூட்டம் 1997-இலும் 2015-இலும் தீபகற்பத்தை மூடியபோது, சாத்தக்கூடிய அறை இருந்த வீட்டாரே குழந்தைகளையும் ஆஸ்துமா நோயாளிகளையும் ஓரளவு காக்க முடிந்தது. நெடுஞ்சாலை ஓரத்து வீட்டில் இரைச்சலும் தூசும் முற்றத்தின் நன்மையைத் தின்றுவிடும். ஆனால் மூடிய செங்கல் வீட்டின் விலை மாதந்தோறும் கட்டப்படுகிறது. பகலெல்லாம் வெயில் வாங்கிய மேற்குச் சுவர் இரவு வெகுநேரம் வரை அறைக்குள் சூட்டை விடுகிறது. அந்தச் சூட்டைத் துரத்த ஏர்கோன் ஓடுகிறது. அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வருகிறது. ஒரு தெருவில் எல்லா வீடும் இப்படி இருந்தால், அத்தனை வெளிப்பெட்டிகளும் விடும் வெப்பம் தெருவின் இரவையே சூடாக்கும். அத்தாப்பு எனப்படும் ஓலைக் கூரையும் பலகைச் சுவரும் கொண்ட கம்பத்து வீடு வெப்பத்தைத் தேக்கி வைக்கும் பொருள் இல்லாததால் சூரியன் சாய்ந்த சற்று நேரத்திலேயே ஆறிவிடும். செங்கல்லால் கட்டும் நமக்கு அந்த வசதி கிடைக்காது. அதனால்தான் நமக்குக் காற்றுவழி இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மழைநீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் முற்றத்தின் சுற்றுச்சூழல் நன்மையும் அதன் மிகப்பெரிய அபாயமும் அதில்தான் இருக்கின்றன. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் மழை என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், 3 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுள்ள முற்றத்தில் ஆண்டுக்கு 24,000 லிட்டர் மழை நேரடியாக விழுகிறது. தரையை மண்ணாக விட்டால் அதில் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்கும், மற்றது மெதுவாக வடிகாலுக்குப் போகும். வீடுவீடாகப் பின்புறத்தைக் கான்கிரீட்டால் மூடிவிட்ட தாமான்களில் அரைமணி மழைக்கே தெருவில் வெள்ளம் ஏறுவதைப் பார்க்கும்போது, மண்ணாக விட்ட ஒவ்வொரு சதுர மீட்டரும் பொதுநன்மை என்பது விளங்கும். ஆனால் இங்குப் பெய்வது சாரல் மழையன்று. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழையின்போது, முற்றத்தின் பக்கம் சாய்ந்த 60 சதுர மீட்டர் கூரையும் முற்றமும் சேர்ந்து விநாடிக்கு 2 லிட்டர் நீரைத் தரும். ஒரு பக்கெட்டை ஐந்தாறு விநாடிக்குள் நிரப்பும் ஓட்டம் அது. இலை அடைத்த ஒரே ஒரு குழாய் அதைத் தாங்காது. வரவேற்பறைக்குள் தண்ணீர் வரும். கூரையின் சாய்வை முற்றத்தின் பக்கம் குறைத்து வெளிப்பக்கம் கூட்டுவது, முற்றத்தின் தரையை வீட்டுத் தரையைவிட ஓர் அடியாவது தாழ்த்துவது, இரண்டு வெளியேறு குழாய்களை வெவ்வேறு மூலைகளில் வைப்பது ஆகியவை தவிர்க்க முடியாதவை. மலாக்கா வீட்டில் முதன்மை வீடு தூண்மேல் நின்றதால் இந்தக் கவலை அவர்களுக்குப் பாதிதான் இருந்தது.

கொசுவும் இதோடு சேர்ந்தது. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட ஒரு பூந்தட்டு போதும். 1975-ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டுக்காரருக்கே அதன் பொறுப்பு. மீன்தொட்டியும் அலங்கார நீர்வீழ்ச்சியும் வேண்டாம் என்று மேலே வெப்பக் கணக்கில் சொன்னதையே இங்கு உடல்நலக் கணக்கிலும் சொல்கிறேன்.

இனி முடிவுக்கு வரலாம். தனி நிலம், ஒற்றைமாடி, மூன்று பக்கமாவது வெளி உள்ளவர்கள் மலாக்கா முற்றத்தின் இடத்தையும் செலாங்கின் திறப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்வதே சிறந்தது. வீட்டின் மையத்தில் முற்றம் வைக்க வேண்டாம். வாழும் பகுதிக்கும் ஈரச் சமையலறைக்கும் நடுவே வையுங்கள். நான்கு பக்கமும் மூட வேண்டாம். பொதுவாகக் காற்று வரும் பக்கம் எதுவோ அந்தப் பக்கத்தைத் துளைச் செங்கல்லாகவோ கம்பியாகவோ விடுங்கள். மலாக்கா நீரிணைக் கரையோரம் பிற்பகலில் கடலிலிருந்து வரும் காற்றும், உள்நாட்டில் மலைச்சரிவிலிருந்து இரவில் இறங்கும் காற்றும் எந்தப் பக்கம் என்பதை நிலத்தில் நின்று ஒரு வாரம் கவனித்தாலே தெரியும். நூற்றிருபது சதுர மீட்டர் வீட்டில் இதற்காக விடவேண்டியது பத்தில் ஒரு பங்கு. வெளிச்சுவர் நீளமும் கூரைவிளிம்பும் கூடுவதால் கட்டும் செலவு சற்று ஏறும். அந்தச் செலவை ஓர் அறையைச் சிறிதாக்கி ஈடுகட்டுவது, முற்றத்தைச் சிறிதாக்கி ஈடுகட்டுவதைவிட மேல். படுக்கையறைகளில் ஒன்றையாவது நன்றாகச் சாத்தக்கூடியதாக, ஏர்கோனுடன் வைத்துக்கொள்ளுங்கள். புகைமூட்ட நாட்களுக்கு அது வேண்டும்.

கிழக்குக் கரையில் பெரிய நிலம் உள்ளவர்களுக்குச் செலாங்கே போதும். முன்னோர் கண்டுபிடித்ததை மாற்றக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மழைவீச்சுப் பக்கம் மட்டும் மடக்குக் கதவு போடலாம்.

வரிசை வீட்டுக்காரர்களுக்கு என் பரிந்துரை வரிசைப்படி இது: முதலில் பின்புற வெளியை மூடாமல் காப்பது, அடுத்து, ஏற்கெனவே வானவெளி இருந்தால் அதைத் திறந்து வைப்பது, புதிதாக ஒன்றை இடித்து உருவாக்குவது கடைசி. பல பழைய வீடுகளில் வானவெளிக்குமேல் மழைக்கு அஞ்சி பாலிகார்பனேட் தகடு போட்டு மூடியிருக்கிறார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வெள்ளையாய்ப் பாசிபடிந்த தகடும், அதன் அடியில் தேங்கி நிற்கும் சூடும் தெரியும். ஒளி உள்ளே வர, வெப்பம் வெளியே போக முடியாமல் அது ஒரு கண்ணாடிக்கூடம்போல் ஆகிவிடுகிறது. அந்தத் தகட்டை முழுதும் எடுக்க மனம் வராவிட்டால், சுற்றிலும் ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி, பக்கங்களில் கொசுவலையோடு திறந்துவிட்டால்கூட அன்று மாலையே வித்தியாசம் தெரியும்.

எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் வரைபடத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: ஏர்கோனின் வெளிப்பெட்டிகள் எங்கே வரைந்திருக்கின்றன என்று. குழாய் நீளத்தை மிச்சப்படுத்த அவற்றை முற்றத்தின் சுவரிலேயே மாட்டிவிடுவது வழக்கமாகி வருகிறது. அறையிலிருந்து எடுத்த வெப்பத்தோடு தான் செலவிட்ட மின்சாரத்தையும் சேர்த்து, ஒவ்வொரு பெட்டியும் 3 கிலோவாட்டுக்கு மேல் அந்த முற்றத்துக்குள் கொட்டும். மூன்று பெட்டிகள் இருந்தால் அடுப்பங்கரையை வெளியே அனுப்பிச் சம்பாதித்தது முழுவதும் போய்விடும். அவற்றைக் கூரைமேலோ வெளிச்சுவரிலோ மாட்டச் சொல்லுங்கள். கூடுதல் குழாய்க்கு ஆகும் தொகையைக் கொடுத்துவிடுங்கள்.